பழைய ஓப்பன் கார் சைடு ஜன்னல் கண்ணாடியில் விரிசல், அவசரம்

உச்சிப்புளி_மணி:
அப்பாவின் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு சைடு ஜன்னல் கண்ணாடி புதிதாகச் செய்கிறேன். ராமநாதபுரத்தில் விளம்பர போர்டு செய்யும் கடையில் அக்ரிலிக் (கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்) ஷீட் வாங்கி, பழசை மேலே வைத்து வரைந்து வெட்டினேன். சாயங்காலம் ஸ்க்ரூ முடுக்கினேன், காலையில் பார்த்தால் எல்லா ஓட்டையைச் சுற்றியும் மெல்லிய விரிசல். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடிக்கணும். எந்த ஷீட் வாங்கலாம்?

கீழக்கரை_காதர்:
என்ன கார், எந்த வருஷம்? ஷீட் எத்தனை மில்லிமீட்டர்? பழைய ஃப்ரேம் இருக்கிறதா?

மண்டபம்_ஃபைபர்:
அக்ரிலிக்கே வேண்டாம் தம்பி. பாலிகார்பனேட் போடுங்க, அதுவும் பிளாஸ்டிக்தான், சுத்தியலால் அடித்தாலும் தாங்கும். போட் கேபின் ஜன்னலுக்கு நான் அதைத்தான் போடுகிறேன்.

மூத்த_மெக்கானிக்:
ஷீட்டைக் கேட்கும் முன் வண்டியின் பெயரைச் சொல்லிப் பழகுங்கள். எம்.ஜி.ஏ ரோட்ஸ்டர், அதாவது எம்.ஜி கம்பெனியின் பழைய பிரிட்டிஷ் ஓப்பன் கார் என்றால் கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடியே கிடையாது, கழற்றி மாட்டும் ஃப்ரேம்தான். முதலில் வந்த 1500 மாடலுக்கு அதன் கீழ்ப்பகுதி மடங்கும். 1959-ல் வந்த 1600 மாடலுக்கு நகர்த்தும் கண்ணாடி. இந்த அடிப்படை தெரியாமல் ரம்பத்தை எடுக்கக் கூடாது.

உச்சிப்புளி_மணி:
எம்.ஜி.ஏ 1600தான். நகர்த்துற மாதிரி. அலுமினிய ஃப்ரேம் நல்லா இருக்கு. 3 மி.மீ.

கீழக்கரை_காதர்:
நகர்த்தும் கண்ணாடிக்கு பாலிகார்பனேட் ஆகாது. நம்ம ஊர் காற்றில் வரும் மணல் கண்ணாடி நகரும் காடிக்குள் (பள்ளத்துக்குள்) புகுந்தால் சீக்கிரமே கோடு கோடாகக் கீறிவிடும். மேல்பூச்சு இல்லாத ஷீட் வெயிலில் மஞ்சளித்தும் போகும்.

மண்டபம்_ஃபைபர்:
பூச்சு உள்ள ஷீட் கிடைக்குது பாய். கீறினாலும் உடையாது, அதுதானே முக்கியம்?

தொண்டி_செல்வி:
மணி தம்பி, வரைந்த கோட்டை எதால் துடைத்தீங்க? ஓட்டை ஸ்க்ரூ அளவுக்கே போட்டீங்களா?

உச்சிப்புளி_மணி:
தின்னர். ஆமா அக்கா, சரியா அதே அளவு.

தொண்டி_செல்வி:
அப்போ ஷீட் மேல் பழி இல்லை. இறுக்கத்தில் இருக்கும் அக்ரிலிக்கில் தின்னரோ பெட்ரோலோ பட்டால் இப்படித்தான் விரியும். போர்டு வேலையில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். சோப்புத் தண்ணீர் போதும். ஒரு மீட்டர் ஷீட் 30 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 2 மி.மீ நீளும். அதனால் ஓட்டையை ஸ்க்ரூவை விட ஒன்றரை மி.மீ பெரிதாகப் போடுங்க, அடியில் ரப்பர் வாஷர் வைங்க, கையால் முடுக்கி நிறுத்துங்க. துளை போடும்போது ஒட்டியிருக்கும் காகிதத்தை உரிக்காதீங்க, கீழே பலகை வைங்க, மெதுவா இறக்குங்க.

மண்டபம்_ஃபைபர்:
ஸ்க்ரூ 316 ஸ்டெயின்லெஸ் வாங்குங்க, உப்புக் காற்றுக்கு அசையாது.

மூத்த_மெக்கானிக்:
ஸ்க்ரூ அசையாது, அலுமினியம் அரிக்கும். இரண்டு உலோகம் தொடும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம்தான் போகும். இது பள்ளிக்கூடப் பாடம்.

மண்டபம்_ஃபைபர்:
போட்டில் வருஷக்கணக்கா ஓடுதுங்க. பாம்பன் பழைய பாலம் 1914-ல் திறந்தது, அத்தனை இரும்பும் கடலுக்கு நடுவில் நின்றதே?

மூத்த_மெக்கானிக்:
விடாமல் பெயின்ட் அடித்ததால் நின்றது. அது முழுக்க இரும்பு, இங்கே பேச்சு இரண்டு உலோகத்தைப் பற்றி. படித்துவிட்டு எழுதுங்கள்.

கீழக்கரை_காதர்:
இருவரும் பொறுங்க. நடுவில் நைலான் வாஷரும் கொஞ்சம் கிரீஸும் வைத்தால் ஸ்டெயின்லெஸே போடலாம். மணி, கழற்றின பிறகு இரண்டு பக்கக் கண்ணாடிக்கும் நடுவே மெத்துத் துணி வைத்து சீட்டுக்குப் பின்னால் வையுங்க, இல்லாவிட்டால் ஒன்றையொன்று உரசும்.

உச்சிப்புளி_மணி:
அதே கடையில் அக்ரிலிக்கே வாங்கினேன். ஓட்டை பெரிசு, சோப்புத் தண்ணீர். டிரைவர் பக்கம் மாட்டியாச்சு, விரிசல் இல்லை. நன்றி அக்கா.

கீழக்கரை_காதர்:
சந்தோஷம். அடுத்த பக்கம் மாட்டும் முன் அந்தக் கண்ணாடியின் வடிவத்தை அட்டையில் வரைந்து வைத்துக்கொள்ள முடியுமா? எனக்கும் ஒரு 1600-க்கு வேண்டும்.