புதுப்பிப்பு: டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்) உள்ளவர்களுக்கு ஏஐ வழியே திருக்குறள்

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. தக்கலை வாசிப்பு வட்டப் பிள்ளைகளுக்குக் குறளை எப்படி எளிமையாக்குவது என்று கேட்டிருந்தேன். கைகொடுத்தது, "முதலில் பதம் பிரி, பொருள் பிறகு" என்ற பதில்தான்.

குறள் எண்ணை மட்டும் கொடுத்தால் ஏஐ சொல்லை மாற்றிவிடலாம். மூலத்தை ஒட்டி, "சந்தியை மட்டும் பிரி, வேறெதையும் தொடாதே" என்று எழுதுங்கள். 'கசடறக் கற்பவை' என்பது 'கசடு அற கற்பவை' ஆகும். மூலம் மேலே, பிரித்தது கீழே. 14 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, இடப்பக்கம் ஒட்டிய வரிகள். பிரித்ததை ஆள்தான் சரிபார்க்கணும். சந்தியில் எழுத்தே மாறுவதால் மென்பொருளில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது உதவாது.

எதிர்பாராதது: ஆட்டிசம் உள்ளவர்களுக்காக உருவகத்தை நீக்கச் சொன்னால் 'பிறவிப் பெருங்கடல்' வெறும் 'பிறவி' ஆகிறது, 'நீந்துவர்' அந்தரத்தில் நிற்கிறது. (கடற்கரை ஊரான குளச்சல் பிள்ளைகளுக்குக் கடலை யார் விளக்கணும்!) உருவகத்தை அப்படியே விட்டு, அடுத்த வரியில் விளக்கச் சொல்லுங்கள்.