வடமராட்சிக் கரையில் தங்கப் போனவர்களே, உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

வெள்ளவத்தை வாசி

நான் தொடங்குகிறேன். இரண்டு வருடமாக மனசுக்குள் கிடக்கிறது. ஓகஸ்ட் மாதம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சிப் பக்கம், பருத்தித்துறையில் ஐந்து நாள் நிற்பதாகத் திட்டம். நான், மனைவி, ஒன்றரை வயது மகள். வெளிச்சவீட்டுக்குக் கிட்ட அறை பேசி முற்பணமும் போட்டாயிற்று. போய் இறங்கினால் படலை பூட்டு. தொலைபேசியில் கேட்டால், நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது, வெளிநாட்டில் இருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள், அறை இல்லை என்கிறார்கள்.

றோட்டில் நின்ற எங்களைப் பக்கத்து வீட்டு அம்மாதான் உள்ளே கூப்பிட்டார். முன்பின் தெரியாதவர். விறாந்தையில் பாய் விரித்து, நுளம்பு வலையும் கட்டித் தந்தார்.

விடியப்புறம் பிள்ளைக்குப் பால்மா கரைக்கக் கிணற்றில் தண்ணீர் அள்ளினேன். அவர் ஓடிவந்து வாளியைப் பிடித்தார். "தம்பி, இது சவர், உப்புத் தண்ணி. குளிக்கத்தான் சரி. பிள்ளைக்குக் குடுக்காதேங்கோ." அவருடைய இடுப்பில் ஒரு குடம். இரண்டு ஒழுங்கை தள்ளியுள்ள நல்ல தண்ணிக் கிணற்றுக்கு இருட்டோடு போய் வந்திருக்கிறார். குடம் இருந்த பக்கம் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. ஐந்து நாளும் அப்படித்தான்.

புறப்படும்போது ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினேன். "என்ன தம்பி இது" என்று மட்டும் கேட்டார். பிறகு செம்பைக் கழுவுவதற்குக் கிணற்றடிக்குப் போய்விட்டார். திரும்பி வந்து மகளின் கையில் ஒரு பை பருத்தித்துறை வடையைக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்?

தீவுப்பகுதிக்காரி

எனக்கு நடந்தது வடமராட்சியில் அல்ல, கடலுக்குள் இருக்கிற நெடுந்தீவில். பரவாயில்லை என்று எழுதுகிறேன். காலைப் படகில் குறிகட்டுவான் துறையில் இருந்து போனோம், ஒரு மணித்தியாலம் எடுத்தது. குதிரைகளைப் பார்த்தபடி நின்று, திரும்பும் கடைசிப் படகைத் தவறவிட்டோம். துறையில் நின்ற ஒரு பள்ளிக்கூடப் பையன் எங்கள் அம்மாவின் கையைப் பிடித்து, "எங்கட வீட்டில நில்லுங்கோ அம்மம்மா" என்றான். அவன் பேரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம். அம்மா இப்போதும் என்னிடம் கேட்பார்.

நெல்லியடியான்

வெள்ளவத்தை அண்ணை, அறை தராதது அவர்களுடைய பிழைதான். ஆனால் நல்லூர்த் திருவிழா 25 நாள். ஆடி அமாவாசை முடிந்து ஆறாம் நாள் கொடியேறும். அதைப் பார்க்காமல் நாள் வைத்தால் குடாநாட்டில் எங்கேயும் அறை நெருக்கடிதான். தை, மாசியில் வாருங்கள். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கரையில் பட்டத் திருவிழா. வீட்டுப் பரப்புக்குப் பட்டம் கட்டி, ஆறேழு பேர் கயிறு பிடித்து ஏற்றுவார்கள். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம், வாடைக்காற்றும் மழையும். புரட்டாசியில் வல்லிபுரக் கோயில் திருவிழா, அதற்கும் முன்கூட்டியே பேச வேண்டும்.

தண்ணீர் விசயமும் சொல்கிறேன். எங்களிடம் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீருக்கு மேலே மிதந்து நிற்கும். மோட்டார் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். ஆகவே அறை பேசும்போது "குளிக்கிற தண்ணி எது, குடிக்கிற தண்ணி எது" என்று தனித்தனியாகக் கேளுங்கள். வாடகையைப் பிறகு கேட்கலாம். பஸ் யாழ்ப்பாணத்தில் இருந்தே இருக்கிறது, ஓட்டோ தேவையில்லை. காலையில் பருத்தித்துறை ஓடக்கரைப் பக்கம் தோசை வாங்குங்கள். தெருமூடி மடத்தைப் பாருங்கள், றோட்டுக்குக் குறுக்கே கல்லால் கட்டிய மடம், நிழலில் ஐந்து நிமிசம் இருந்துவிட்டுப் போகலாம். பிள்ளைகள் கடலில் இறங்க ஆசைப்பட்டால் மணற்காட்டுப் பக்கம் போங்கள், நல்ல மணல்.

என் அனுபவம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒருமுறை வந்த விருந்தாளிக்குச் சவர்த்தண்ணியில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

கடலோடி மகள்

நெல்லியடி அண்ணை, கடைசி ஒன்றைத் தயவுசெய்து திருத்துங்கள். மணற்காட்டில் மணல் நல்லதுதான். கடல் அப்படியில்லை. காரைநகர் கசூரினா கடற்கரை மாதிரித் தூரம்வரை முழங்கால் தண்ணீராக இருக்காது.

என் அக்காவின் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. மண்மேடுகளையும், மணலில் புதைந்த பழைய தேவாலயத்தையும் பார்த்துவிட்டு, கால் நனைக்கத்தான் இறங்கினான். இரண்டு எட்டு, அவ்வளவுதான், அலை இழுத்தது. கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு ஐயா ஊசியைப் போட்டுவிட்டு, சாரத்தோடு பாய்ந்து தலைமயிரில் பிடித்து இழுத்து வந்தார். அதன்பிறகு அவர் மணலில் குந்தியிருந்து வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2004 டிசம்பர் 26 அந்தக் கரையில் என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். அவரிடம் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகளோடு வருகிறவர்கள் அங்கே கரையோடு நிற்கட்டும்.

நெல்லியடியான்

சரி தங்கச்சி, நான் மணலை மட்டும் நினைத்துச் சொல்லிவிட்டேன். பிள்ளைகளோடு போகிறவர்கள் அங்கே இறங்க வேண்டாம். குளிக்க ஆசை என்றால் கீரிமலைக் கேணிக்குக் கூட்டிப் போங்கள்.

ஊரில் வீடு வைத்திருப்பவன்

வெள்ளவத்தை அண்ணை எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். உங்களுக்கு அறை மறுத்தவன் நானில்லை. ஆனால் அதையே நானும் செய்திருக்கிறேன். அம்மா அப்பா இருந்த வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு விடுகிறேன். திருவிழாக் காலத்தில் இலண்டனில் இருந்து பெரியம்மாவின் குடும்பம் வருவதாக இரவில் அழைப்பு வந்தது. சொந்தக்காரருக்கு இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஏற்கெனவே பேசியிருந்த மட்டக்களப்பு ஆளுக்குச் சொல்ல வாய் வரவில்லை, விட்டுவிட்டேன்.

அவர் வந்துவிட்டார். படலையடியில் பெட்டி, தோளில் நித்திரையான பிள்ளை. உள்ளே பெரியம்மா ஆட்களின் சிரிப்புச் சத்தம் அவருக்கும் கேட்டது. முற்பணம் மூவாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "பிள்ளைக்குக் கொஞ்சம் தண்ணி தருவீங்களோ" என்று கேட்டார்.