பி.எஸ்சி கணிதம் மூன்றாம் ஆண்டு: தேற்றம் எழுத வருகிறது, கணக்கு வரவில்லை. எம்.எஸ்சி புள்ளியியலுக்கு எப்படித் தயாராவது?

கடைசிபெஞ்ச்:
வணக்கம். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணைவுக் கல்லூரியில் ஐந்தாவது செமஸ்டர். புள்ளியியல் அலைடு பேப்பராக (துணைப்பாடமாக) மட்டும்தான் வந்தது. ரியல் அனாலிசிஸில் தேற்றம் கேட்டால் வரி மாறாமல் எழுதிவிடலாம். ஆனால் ஐஐடி போன்ற இடங்களில் எம்.எஸ்சி சேர எழுதும் ஜாம் (JAM) நுழைவுத் தேர்வின் பழைய வினாத்தாளில் புள்ளியியல் பேப்பரை எடுத்தால் பத்துக்கு இரண்டு தேறுவதே கஷ்டம். தேர்வு பிப்ரவரியில். அனாலிசிஸை மூட்டை கட்டிவிட்டு நேராகப் புள்ளியியலில் இறங்கலாமா? எங்கிருந்து தொடங்க?

சிக்மா:
தம்பி, அலைடு பேப்பர் படித்து வருகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது ஒரே இடத்தில்தான்: சூத்திரத்தைப் பார்ப்பார்கள், அது எந்த எல்லைக்குள் செல்லும் என்பதைப் பார்க்க மாட்டார்கள். அந்த எல்லைக்குப் பெயர் சப்போர்ட்.

ஒரு கணக்கு. 0 < எக்ஸ் < ஒய் < 1 என்ற பகுதியில் கூட்டு அடர்த்தி 2, வெளியே 0. எக்ஸின் விளிம்பு அடர்த்தி, அதாவது எக்ஸுக்கு மட்டுமான அடர்த்தி, என்ன? எல்லையைக் கவனிக்காமல் ஒய்யை 0 முதல் 1 வரை தொகையிட்டால் 2 வரும். 0 முதல் 1 வரை அடர்த்தி 2 என்றால் மொத்த நிகழ்தகவே 2 ஆகிவிடும். அங்கேயே தப்பு தெரிந்துவிட வேண்டும். ஒய் ஓடுவது எக்ஸிலிருந்து 1 வரை, எனவே விடை 2(1 − எக்ஸ்). ஒய்க்கு 2ஒய். இரண்டையும் பெருக்கினால் 2 வராது, ஆகவே சார்பற்றவை அல்ல. அந்தப் பெருக்கலும் தேவையில்லை. பகுதி முக்கோணம் என்று படம் போட்டவுடனே அது தெரிந்துவிடும்.

அதே கணக்கில் எக்ஸ் + ஒய் < 1 ஆகும் நிகழ்தகவு கேட்டால் தொகையிடவே வேண்டாம். (0,0), (0,1), (1/2,1/2) முனைகளாக ஒரு முக்கோணம், பரப்பு 1/4. அடர்த்தி 2, விடை 1/2. எனவே முதல் மூன்று வாரம் கூட்டுப் பரவல் கணக்குகளை மட்டும் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் முதலில் படம்.

மதிப்பீட்டிலும் இதே வியாதிதான். 0 முதல் தீட்டா வரை சீரான பரவல். மீப்பெரு நிகழ்வாய்ப்பு மதிப்பீடு (கையில் உள்ள தரவு வர மிக அதிக வாய்ப்புத் தரும் தீட்டா) கேட்டவுடன் எல்லோரும் மடக்கை எடுத்து, வகையிட்டு, பூச்சியத்துக்குச் சமப்படுத்துவார்கள். அது ஒருநாளும் பூச்சியம் ஆகாது. சப்போர்ட்டே தீட்டாவைச் சார்ந்திருப்பதால் வகையிடல் இங்கே எடுபடாது. தீட்டா குறையக் குறைய நிகழ்வாய்ப்பு ஏறும், ஆனால் தரவின் மிகப் பெரிய எண்ணுக்குக் கீழே இறங்க முடியாது. அந்தப் பெரிய எண்தான் விடை.

தரவு 1, 1.2, 1.4, 6.4 என்று வையுங்கள். திருப்புத்திறன் முறையில் தரவின் சராசரியைப் பரவலின் சராசரியான தீட்டா/2-க்குச் சமமாக வைப்போம்: சராசரி 2.5, அதன் இரு மடங்கு 5. தீட்டா 5 என்றால் 6.4 எப்படி வந்தது? இந்த அபத்தத்தை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால் மறக்காது. மீப்பெரு மதிப்பீடு 6.4, அது பல மாதிரிகளின் சராசரியாகப் பார்த்தால் தீட்டாவைக் கொஞ்சம் குறைவாகவே மதிப்பிடும். பிழை நீக்க, தரவு நான்கு என்பதால் 5/4ஆல் பெருக்க வேண்டும், 8 வரும்.

எப்சிலான்_டெல்டா:
சிக்மா அண்ணன் சொன்னது சரி, ஆனால் அனாலிசிஸை விடாதீர்கள். ஜாம் புள்ளியியல் பேப்பரிலேயே தொடர்வரிசை, தொடர், சராசரி மதிப்புத் தேற்றம், இரட்டைத் தொகை, அணி எல்லாம் உண்டு.

உங்கள் சிக்கல் அனாலிசிஸில் இல்லை, படிக்கும் முறையில். தேற்றத்தை வரி வரியாக மனப்பாடம் செய்கிறீர்கள். பதிலாக, வெள்ளைத் தாளில் நிபந்தனைகளை இடது ஓரம் எழுதி, ஒவ்வொன்றும் நிரூபணத்தின் எந்த வரியில் பயன்படுகிறது என்று அம்புக்குறி போடுங்கள். அம்பு போடாத நிபந்தனை இருந்தால் நிரூபணம் புரியவில்லை என்று பொருள். பிறகு ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டு, எங்கே உடைகிறது என்று தேடுங்கள். மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு வரம்புடையது. 'மூடிய' என்பதை எடுத்தால் 0 முதல் 1 வரையுள்ள திறந்த இடைவெளியில் 1/எக்ஸ் உடைத்துவிடும். ஜாமில் கேட்பது பெரும்பாலும் இந்த உடைப்பைத்தான்.

எம்.எஸ்சியில் இது இன்னும் கடிக்கும். 0க்கும் 1க்கும் இடையே சீராக ஒரு புள்ளியை எடுங்கள். அது 1/கேவை விடச் சிறியதென்றால் கே ரூபாய், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. கே எவ்வளவு ஆனாலும் எதிர்பார்ப்பு 1 ரூபாய்தான். ஆனால் எந்தப் புள்ளியை எடுத்தாலும் கே பெரிதாகப் பெரிதாக ஒரு கட்டத்துக்குப் பிறகு கையில் 0. லிமிட்டையும் எதிர்பார்ப்பையும் இஷ்டத்துக்கு இடம் மாற்றக் கூடாது என்பதற்கு இந்த ஒரு உதாரணம் போதும். மெஷர் தியரி (அளவைக் கோட்பாடு) பேப்பரில் பாதி நேரம் எப்போது மாற்றலாம் என்பதில்தான் போகும்.

கடைசிபெஞ்ச்:
ரொம்ப நன்றி அண்ணா, இருவருக்கும். முக்கோணப் படம் போட்டுப் பார்த்தேன், இப்போதுதான் பிடிபட்டது. தெரியாத கேள்விக்கு நெகட்டிவ் மார்க் பயத்தில் எல்லாம் விட்டுவிடுகிறேன். அது சரியா?

சிக்மா:
சரியில்லை. இதுவே ஒரு எதிர்பார்ப்புக் கணக்கு. மொத்தம் 60 கேள்வி, 100 மதிப்பெண், 3 மணி நேரம். நெகட்டிவ் இருப்பது ஒரே விடையுள்ள 30 கேள்விகளில் மட்டும்: 1 மதிப்பெண் கேள்விக்கு 1/3, 2 மதிப்பெண்ணுக்கு 2/3. நான்கு விடையில் கண்ணை மூடி ஒன்றைத் தொட்டால் எதிர்பார்ப்பு சரியாக 0. ஒரே ஒரு விடையைத் தப்பு என்று உறுதியாகத் தள்ளிவிட்டால் 2 மதிப்பெண் கேள்வியில் அது 2/9 ஆகிவிடும். அப்போது தைரியமாகப் போடலாம்.

ஒன்றுக்கு மேல் சரியாக இருக்கக்கூடிய 10 கேள்விகளிலும், எண்ணை டைப் செய்யும் 20 கேள்விகளிலும் நெகட்டிவ் கிடையாது. அவற்றைக் காலியாக விடுவது சுத்த நஷ்டம். முன்னதில் பாதி சரிக்குப் பாதி மதிப்பெண்ணும் கிடையாது, எல்லாம் சரியாகத் தொட வேண்டும். அங்கே எதிர் உதாரணம் தேடும் பழக்கம்தான் கை கொடுக்கும்.

சொந்தக் கால்குலேட்டர் கொண்டுபோக முடியாது, திரையில் ஒன்று வரும். மவுஸால் அழுத்த வேண்டும், எரிச்சலாக இருக்கும். அதனால் பழைய தாள் போடும்போதே கணினியில் அதே மாதிரி ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தசமத்துக்கு விடை கேட்டால் இடையில் எங்கும் முழுமையாக்காதீர்கள், கடைசியில் மட்டும்.