லினக்ஸ் மின்ட்: மென்பொருள்களை ஒருமுறை இறக்கி எல்லாக் கணினிகளிலும் நிறுவ வழி உண்டா?

வணக்கம். கொட்டாஞ்சேனையில் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணினி சொல்லிக்கொடுக்கிறோம். இருப்பதெல்லாம் பழைய மடிக்கணினிகள். விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபரோடு முடிந்ததால் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளம் போட்டோம். நன்றாகவே ஓடுகிறது.

சிக்கல் டேட்டாதான். ஃபோன் ஹொட்ஸ்பொட்டை நம்பித்தான் இணையம். ஜிகாம்ப்ரி (பிள்ளைகளுக்கான கல்வி விளையாட்டுகள்), இங்க்ஸ்கேப் (படம் வரையும் செயலி), தமிழில் தட்டச்சு செய்யும் ரங்கநாதன் விசைப்பலகைக்கு வேண்டிய ஐபஸ்-எம்17என் எல்லாவற்றையும் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக இறக்கக் கட்டுப்படியாகாது. ஃபிளாட்பேக் என்ற பொதி வடிவில் எடுத்தால் இன்னும் கனம், செயலி ஓடத் தேவையான ரன்டைம் கோப்புகளும் சேர்ந்து இறங்குகின்றன.

அதனால் ஒரு கணினியில் ஏபிடி-கெட் என்ற நிறுவல் கட்டளை மூலம் நிறுவி, அது இறக்கிவைக்கும் ஆர்கைவ்ஸ் கோப்புறையில் தங்கியிருந்த டெப் கோப்புகளை (நிறுவல் பொதிகளை)ப் பென் டிரைவில் எடுத்து மற்றதில், கையிலுள்ள பொதியை நிறுவும் டிபிகேஜி கட்டளையால் போட்டுப் பார்த்தேன். (வெறும் ஏபிடி கட்டளை, நிறுவியதும் அவற்றை அழித்துவிடும்.) இங்க்ஸ்கேப் ஏறியது. ஜிகாம்ப்ரி, சார்ந்த பொதிகள் இல்லை என்று பாதியில் நின்றுவிட்டது. முதல் கணினியில் அவை ஏற்கெனவே இருந்ததால் இறங்கவில்லைபோல.

இதற்கு, இணையமில்லாத கணினிக்கு வேண்டிய பொதிகளை வேறொரு கணினியில் இறக்கித் தரும் ஏபிடி-ஆஃப்லைன் சரிவருமா, அல்லது ஒருமுறை இறங்கிய பொதிகளைச் சேமித்து மற்றக் கணினிகளுக்கும் கொடுக்கும் ஏபிடி-கேச்சர்-என்ஜியை ஒரு கணினியில் வைத்து மற்றவற்றை ரவுட்டர் வழியாக இணைப்பது நல்லதா? செய்து பார்த்தவர்கள் படிப்படியாகச் சொன்னால் பெரிய உதவி.

அப்புறம், ரங்கநாதன் மற்ற இடங்களில் வேலை செய்கிறது, லிப்ரே ஆஃபிஸில் மட்டும் ஆங்கிலமே விழுகிறது. பிள்ளைகள் கட்டுரை தட்டச்சு செய்வது அதில்தான். கொழும்பில் இருப்பவர் யாராவது நேரில் வந்து பார்க்க முடிந்தால், சனிக்கிழமை காலையில் வகுப்பு நடக்கும்.