ஓபரா பாடகி மரியா காலஸின் கடைசி வருடங்கள்: உங்களுக்கு மறக்காத ஒன்று?

பாரிஸ் மழை:
பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய சாம்பல் மாடம், எண் 16258. தரைக்குக் கீழே இறங்கிப் போக வேண்டும். உள்ளே சாம்பல் இல்லை என்று தெரிந்துதான் போனேன். ஒரு முறை திருட்டுப் போய்த் திரும்பக் கிடைத்ததை 1979ல் ஏஜியன் கடலில் கரைத்துவிட்டார்கள். ஆனாலும் ஒரு வயதான அம்மா அந்தப் பலகையில் உள்ளங்கையை வைத்தபடி நின்றிருந்தார். ஐந்து நிமிடமாவது இருக்கும். அவர் கையை எடுத்ததும் கல்லில் ஈரத்தடம் தெரிந்தது. நான் பார்க்கப் பார்க்க அது காய்ந்தது. 53 வயதில் போய்விட்டாரே! பாடிக்கொண்டிருந்த காலத்தில் உடம்பை அப்படி இளைக்க வைக்காமல் இருந்திருந்தால் குரலாவது தப்பியிருக்கும்.

இரவுப் பேருந்து:
குரல் போனதற்கு எடை குறைத்ததுதான் காரணம் என்று அடித்துச் சொல்லாதீர்கள். 1949 ஜனவரியில், வெனிஸில், வாக்னர் ஓபராவின் கனமான புருன்ஹில்டா வேடத்தையும் பெல்லினி ஓபராவின் நுணுக்கமான எல்விரா வேடத்தையும் ஒரே மாதத்தில் பாடியவர். ஒன்று இரும்பு, இன்னொன்று பட்டு. அப்போது வயது 25. எந்தத் தொண்டை தாங்கும்?

சரி, என் விஷயம். 1971-72ல் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் அவர் எடுத்த வகுப்புகளின் ஒலிப்பதிவைப் பேருந்தில் கேட்டுக்கொண்டு வந்தேன். வெர்டியின் ரிகோலெட்டோ ஓபராவில், மகளைத் தூக்கிக்கொண்டு போனவர்களிடம் அப்பன் கத்தி, கடைசியில் கெஞ்சும் இடம். ஆண் குரலுக்கு எழுதிய பாட்டு. அதைக் காலஸ் தானே பாடிக் காட்டுகிறார். குரல் தேய்ந்துதான் இருந்தது. ஆனால் அந்த அப்பன் என் பக்கத்து இருக்கைக்கே வந்துவிட்டான். நடுராத்திரி என்று பார்க்காமல் மகளுக்குப் போன் செய்தேன்.

தஞ்சை ரசிகன்:
1973-74ல் காலஸ் பாடகர் டி ஸ்டெஃபானோவுடன் போன சுற்றுப்பயணத்தின் பதிவை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே, "பாவம்டா, நிறுத்து" என்றார். அவர் முதலில் கேட்ட காலஸ் அதுதான். அந்தத் தப்பு என்னுடையது.

அதனால் சொல்கிறேன், யாருக்காவது அறிமுகம் செய்வதென்றால் கடைசியிலிருந்து தொடங்காதீர்கள். 1953ல் டி சபாத்தா இசைக்குழுவை நடத்த, மிலனின் லா ஸ்காலா ஓபரா அரங்கின் குழுவோடு பதிவான புச்சினியின் டோஸ்கா ஓபராவைக் கொடுங்கள். முதலில் கதையைச் சொல்லிவிடுங்கள். பாட்டின் அர்த்தம் கையில் இருக்கட்டும். இரண்டாம் அங்கத்தை மட்டும், நல்ல ஹெட்போனில், இடையில் நிறுத்தாமல். அப்புறம் 1964ல் பதிவான கார்மென் ஓபரா. மேடையில் அவர் ஒரு தடவைகூட முழுதாக நடிக்காத வேடம் அது. ஜூலியார்ட் வகுப்புகள் அதற்கும் பிறகு. ஜப்பானின் சப்போரோவில் முடிந்த அந்தச் சுற்றுப்பயணத்தை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள். அதற்குள் கேட்பவருக்கு அவர்மேல் பிரியம் வந்திருக்கும்.