திருச்சி டு கோலாலம்பூர்: அம்மாவுக்காக காசு கட்டி இமிகிரேஷன் ஃபாஸ்ட் ட்ராக் போடலாமா?

பாம்பன் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். அண்ணன் கோலாலம்பூர்ல வேலை பாக்குறாக, அண்ணிக்கு கொழந்த பொறந்து ரெண்டு மாசம், அம்மாவ கூட்டிட்டு வாடான்னு தினம் போன். நான், அம்மா, வீட்டுக்காரி மூணு பேருக்கும் திருச்சில இருந்து ரிட்டர்ன் டிக்கெட் போட்டாச்சு, 25 நாள் தங்கல். அம்மாவுக்கு 61 வயசு, ப்ளைட்ட அண்ணாந்து பாத்ததோட சரி. முப்பது வருசம் கடல்ல பாசி எடுக்கப் போனவுக, முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு, சேந்தாப்ல பத்து நிமிசம் நிக்க முடியாது, கணுக்கால் வீங்கிரும்.

டிக்கெட் போட்ட எடத்துல, அங்க இறங்குனதும் ஒரு ஆளு போர்டு புடிச்சு நிப்பாரு, வரிசையில நிக்காம இமிகிரேஷன் (பாஸ்போர்ட் சோதனை) முடிச்சு விடுவாரு, தலைக்கு 5,500ன்னு சொல்றாக. மூணு பேருக்கு 16,500. எங்களுக்கு அது பெரிய காசு. ஆனா காசு பாத்துட்டு அம்மா அங்க வரிசையில சாஞ்சுட்டா என்ன பண்றதுன்னு ராத்திரி தூக்கமே வரல. போனவுக சொல்லுங்க.

தொண்டி அண்ணன்:
தம்பி, அவசரப்பட்டு கட்டாதீக. முட்டி வலின்னா முதல்ல ஏர்லைன்ஸ்க்கு போன் போட்டு வீல்சேர் கேளுங்க, இதுக்கு பெரும்பாலும் காசு கிடையாது. 48 மணி நேரத்துக்கு முன்னாடியே சொல்லிரணும், கடைசி நேரத்துல கவுண்டர்ல போய் நின்னு கேட்டா காக்க வைப்பாக. திருச்சி செக்கின்ல இருந்து ப்ளைட் வாசல் வரைக்கும் ஒரு ஆளு, அங்க இறங்குன வாசல்ல இருந்து பெட்டி எடுக்குற வரைக்கும் இன்னொரு ஆளு தள்ளிட்டுப் போவாக. இமிகிரேஷன்லயும் நீள வரிசைக்குப் போகாம தனி கவுண்டர் பக்கம் கூட்டிட்டுப் போறதுதான் வழக்கம், கூட வந்தவுகளையும் பெரும்பாலும் சேத்தே விட்டுருவாக. எங்க மாமியார அப்படித்தான் ரெண்டு தடவ கூட்டிட்டு வந்தேன். கோலாலம்பூர்ல வரிசைய விட நடைதான் ஜாஸ்தி, வீல்சேர் இல்லாம முட்டி தாங்காது.

கீழக்கரை லாத்தா:
காசு கட்டுறது எப்பவுமே தண்டம்னு நான் சொல்ல மாட்டேன் தம்பி. ஒரு தடவ தனித்தனி டிக்கெட்ல போனோம், நடுவுல ரெண்டு மணி நேரந்தான், இமிகிரேஷன் தாண்டி பெட்டிய எடுத்து மறுபடி செக்கின் போடணும், அன்னைக்கு கட்டுன காசு அடுத்த ப்ளைட்ட காப்பாத்துச்சு. ஆனா இன்னொரு ஊர்ல கட்டிட்டுப் போனா, அந்த ஆளு இமிகிரேஷன் தாண்டி வெளிய நின்னு பூ குடுத்து வரவேற்குறாரு. கைக்கொழந்தயோட ஒண்ணே கால் மணி நேரம் உள்ள வரிசையில நான் நின்னாச்சு, அப்புறம் எதுக்கு எனக்கு பூ? அதனால கட்டுறதா இருந்தா, ஆளு எந்த எடத்துல நிப்பாரு, இமிகிரேஷனுக்கு முன்னாடியா பின்னாடியான்னு எழுத்துல வாங்கிருங்க.

பாம்பன் தம்பி:
ரொம்ப நன்றி அண்ணே, லாத்தா. இன்னொரு கவலையும் இருக்கு. அம்மாவுக்கு ரேகையே விழாது. மரிக்கொழுந்து பாசி பாறையோட ஒட்டிக்கிட்டு இருக்கும், விரல்ல துணிய சுத்திக்கிட்டு பிச்சுப் பிச்சு எடுத்ததுல நுனியெல்லாம் வழுவழுன்னு ஆயிருச்சு, ரேசன் கடையிலயே அஞ்சு தடவ வைக்கச் சொல்லுவாக. திருச்சில இமிகிரேஷனுக்கு ஏதோ ஆட்டோமேட்டிக் கேட் ஃப்ரீயா வந்துருச்சுன்னாகளே, அதுல போடலாமா?

ராமநாதபுரம் மாமா:
30 வருசம் டிராவல்ஸ்ல இருந்தவன், அந்த அனுபவத்துல சொல்றேன். நீங்க சொல்ற கேட் மத்திய அரசோட ட்ரஸ்டட் டிராவலர் திட்டம். 2024 ஜூன்ல டெல்லில ஆரம்பிச்சாக, 2025 ஜனவரில சென்னைக்கு வந்துச்சு, செப்டம்பர்ல திருச்சிக்கும் வந்துருச்சு. கட்டணம் இல்ல, ஆன்லைன்ல அப்ளை பண்ணி கைரேகையும் முகமும் குடுக்கணும், ஒரு தடவ கிடைச்சா 5 வருசம் இல்லாட்டி பாஸ்போர்ட் முடியுற வரைக்கும் செல்லும். அடிக்கடி போய் வர்றவுகளுக்கு ரொம்ப நல்லது. ஆனா அது நம்ம நாட்டு கேட்டுக்கு மட்டுந்தான், மலேசியால உதவாது. ரேகை விழாத அம்மாவுக்கு அதுல அலைச்சல்தான் மிஞ்சும், ஆபீசர் இருக்குற கவுண்டர்தான் நல்லது.

மலேசியாலயும் ரெண்டு ஆள்காட்டி விரலையும் வைக்கச் சொல்லுவாக. இறங்குறதுக்கு முன்னாடி அம்மா கைய கழுவி தொடச்சு, கொஞ்சமா தேங்காண்ண தடவி, திரும்பத் தொடச்சு விடுங்க.

முக்கியமானது இனிமேதான். அம்மா பாஸ்போர்ட்ல இசிஆர்னு (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசாங்க அனுமதி வேணும்னு அர்த்தம்) அடிச்சிருக்கான்னு பாருங்க. பத்தாவது முடிக்காதவுகளுக்கு அடிச்சிருப்பாக, மலேசியா அந்த லிஸ்ட்ல உள்ள நாடு. வேலைக்குப் போறவுகளுக்குத்தான் கிளியரன்ஸ் வேணும், சுத்திப் பாக்கப் போறவுகளுக்கு வேண்டாம், 50 வயசு தாண்டுனவுகளுக்கு எப்படியும் விலக்கு இருக்கு. ஆனாலும் திருச்சில கேள்வி கேப்பாக. ரிட்டர்ன் டிக்கெட், அண்ணனோட விசா காப்பி, வீட்டு அட்ரஸ், கொழந்தயோட பொறப்பு சர்டிபிகேட் காப்பி எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு அம்மா கையிலயே குடுங்க. காசு வாங்குற ஆளு உங்கள முன்னாடி கொண்டு போய் நிறுத்தலாம், ஆபீசர் கேக்குறதுக்கு அவரு பதில் சொல்ல முடியாது.

மலேசியாவுக்கு 30 நாள் வரைக்கும் தங்க விசா வேண்டாம், 2026 கடைசி வரைக்கும் நீட்டிச்சிருக்காக. ஆனா டிஜிட்டல் அரைவல் கார்டு, அதாவது வர்றவுக விவரத்த ஆன்லைன்ல பதியுற படிவம், போடணும், போய் எறங்குறதுக்கு முந்தின 3 நாளைக்குள்ள, அரசாங்க சைட்ல ஃப்ரீ. யாராச்சும் அதுக்கு காசு கேட்டா குடுக்காதீக, அதே மாதிரி இருக்குற போலி சைட்டும் இருக்கு.

பாம்பன் தம்பி:
வந்து சேந்துட்டோம். ஃபாஸ்ட் ட்ராக் போடல. திருச்சில பாஸ்போர்ட்ல இசிஆர் பாத்துட்டு எதுக்குப் போறீகன்னு கேட்டாரு, அம்மா கவர நீட்டி "பேத்திய பாக்க"ன்னு சொன்னாக, பொறப்பு சர்டிபிகேட்ட பாத்துட்டு முத்திரை குத்திட்டாரு. கோலாலம்பூர்ல வீல்சேரோட ஓரத்து கவுண்டர், எங்களையும் கூடவே விட்டாக. மாமா சொன்ன மாதிரி ப்ளைட்லயே எண்ண தடவி தொடச்சு விட்டேன், வலது விரல் ரெண்டாவது தடவ விழுந்துருச்சு, இடதுதான் நாலு தடவ. அந்தப் பொண்ணு ஆபீசரு எந்திரிச்சு வந்து அம்மா விரல தன் கையால அழுத்தி வச்சுச்சு. மொத்தம் இருபது நிமிசம் இருக்கும். அம்மா கால் வீங்கல, இப்ப பேத்திய கால்ல போட்டு குளிப்பாட்டிக்கிட்டு இருக்காக. ரிட்டர்னுக்கும் வீல்சேர் சொல்லியாச்சு.