கான் சாகிப் விடுதலை வீரரா, கும்பினி ஆளா?

வைகைக்கரையான்:
கான் சாகிப் எனப்படும் மருதநாயகம் என்ற யூசுப் கானை விடுதலைப் போராட்ட முன்னோடி என்று சொன்னால் சிலருக்கு ஏன் கோபம் வருகிறது? 1764 அக்டோபர் 15 அன்று மதுரை சம்மட்டிபுரத்தில் அவரைத் தூக்கிலிட்டார்கள். பணிந்து போயிருந்தால் அந்தக் கதி வந்திருக்காது.

நெல்லைச்சீமை:
அதற்கு முன்னால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் ஐயா? ஆற்காட்டு நவாபுக்கும் கும்பினிக்கும் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு) கப்பம் கட்ட மாட்டேன் என்று நின்றவர் நெற்கட்டும்செவல் பூலித்தேவர். கும்பினிக்காக அவர்மேல் படை நடத்தி, 1761-ல் அவருடைய கோட்டைகளைப் பிடித்தவர் இதே கான் சாகிப்தான். வாசுதேவநல்லூர் கோட்டையைக் காக்க நின்று செத்தவர்களுக்கும் அவர்கள்மேல் பீரங்கி வைத்தவருக்கும் ஒரே பட்டமா? என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது.

வைகைக்கரையான்:
அந்தப் போரை யாரும் மறைக்கவில்லை. ஆனால் மதுரையை ஆண்ட காலத்தையும் பாருங்கள். கொள்ளைக்காரர்களை அடக்கினார், கண்மாய்களைச் செப்பனிட்டார், மீனாட்சியம்மன் கோயிலுக்கு நின்றுபோயிருந்த மானியத்தை மறுபடி கொடுத்தார். முஸ்லிம் ஆட்சியாளர் என்றாலே கோயிலை இடித்தவர் என்று பேசுகிறவர்கள் மதுரைக்காரர்களிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

பழைய ஏடு:
இதில் மதத்தை இழுக்கவே இடமில்லை. அவரைத் தூக்கில் போடச் சொன்ன ஆற்காட்டு நவாப் முகமது அலியும் முஸ்லிம்தானே! சண்டையின் வேர் வரிப்பணம். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை கான் சாகிப் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவர் தனக்குக் கீழ்தான், பணம் தன் வழியாகத்தான் வர வேண்டும் என்று நவாப் பிடிவாதம் பிடித்தார். கும்பினியும் நவாப் பக்கம் சாய்ந்தது. அப்புறம்தான், 1763-ல், இவர் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார்.

வைகைக்கரையான்:
காரணம் பணமாகவே இருக்கட்டும். கும்பினி, நவாப் படைகளின் முற்றுகையில் மதுரைக் கோட்டை பட்டினி கிடந்தபோதும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் கூட இருந்தவர்களே காட்டிக்கொடுத்தார்கள். திவான் சீனிவாச ராவ், பிரெஞ்சுத் தளபதி மார்ச்சாந்த் எல்லாரும் கூட்டுச் சேர்ந்து, தொழுகையில் இருந்தவரை அவருடைய தலைப்பாகைத் துணியாலேயே கட்டிப்போட்டதாகச் சொல்கிறார்கள். போரில் வெல்ல முடியாமல்தானே இப்படிப் பிடித்தார்கள்?

நெல்லைச்சீமை:
அவர் வீரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. மதுரையில் அவருக்குச் சிலை வையுங்கள், நானும் வந்து மாலை போடுகிறேன். ஆனால் அடியில் வைக்கிற கல்வெட்டில் 1761-ஐயும் பொறிக்க வேண்டும்.